பொகொட்டாவில் முறைத் தண்ணீர்

நவம்பர் 14, 2024, வியாழன்

கொலம்பியாவின் தலைநகரம் பொகொட்டா கடல் மட்டத்திலிருந்து 2,640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். அந்த உச்சிக்குச் சமமான உயரத்தில் ஏறக்குறைய எண்பது லட்சம் பேர் வீடு கட்டி, பஸ் ஓட்டி, பல்கலைக்கழகம் நடத்தி வாழ்கிறார்கள். விமான நிலையத்தில் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்ததற்கே எனக்கு மூச்சு வாங்கியது. டொராண்டோவிலிருந்து முன்னதாகவே வந்து காத்திருந்த அக்கா, "மெதுவா நடடி, யாரும் உன்னைத் துரத்தல" என்று பெட்டியை வாங்கிக்கொண்டாள். அக்காவுக்கு வேலையிடத்துத் தோழிகள் தயவில் ஸ்பானிஷ் நன்றாகவே வரும். இந்தப் பயணத்தில் நான் கேட்ட பேச்செல்லாம் அவள் காது வழியாக வந்ததுதான்.

தங்கியது லா கண்டெலாரியா என்ற பழைய பகுதியில். ஓட்டுக் கூரை, மரப் பால்கனி, செங்குத்தாக மலையை நோக்கி ஏறும் கல் பாவிய தெருக்கள். விருந்தினர் விடுதி என்று சொன்னாலும் அது ஒரு வீடுதான். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா நடத்துகிறார். உள்ளே நுழைந்ததும் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பெயர் எழுதுவதெல்லாம் அப்புறம் என்று உட்காரவைத்து, ஆளுக்கொரு குவளை அகுவாபனேலா கொடுத்தார். வெந்நீரில் வெல்லம் கரைத்து எலுமிச்சை பிழிந்தது. சுக்கும் ஏலக்காயும் சேர்த்தால் நம்ம பானகமேதான். உயரத்தால் வரும் தலைவலிக்கு இங்கே முதல் கைவைத்தியம் இது.

குளியலறைச் சுவரில் கையால் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. சனிக்கிழமை காலை 8 மணி முதல் ஞாயிறு காலை 8 மணி வரை குழாயில் தண்ணீர் வராது, இது நம் பகுதியின் முறை, சிரமத்துக்கு வருந்துகிறேன். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போது வெளியே ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ராத்திரிக்கு அஹியாக்கோ. இந்த ஊரின் பெயர் சொல்லும் சூப். மூன்று வகை உருளைக்கிழங்கு போடுகிறார்கள். சின்னதாக மஞ்சளாக இருக்கும் கிரியோல்யா கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். மற்ற இரண்டும் துண்டாக நிற்கும். கோழிக்கறியைப் பிய்த்துப் போட்டு, சோளக்கதிரின் பாதியை அப்படியே முக்கி, குவாஸ்காஸ் என்ற கீரையை உலர்த்தித் தூவுகிறார்கள். அந்தக் கீரையின் பச்சை வாசனை இல்லாவிட்டால் அது வெறும் உருளைக்கிழங்கு சூப்தான். பக்கத்தில் கிரீம், உப்பில் ஊறிய கேப்பர் மொட்டு, அவகாடோ, சோறு. 34,000 பெசோ, நம் பணத்தில் 650 ரூபாய் போல. ஒரு ரூபாய்க்கு ஐம்பது பெசோவுக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். ஒரு கிண்ணத்தை இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

சாப்பிட்டு முடித்து வெளியே போகிறவர்கள் ஒவ்வொரு மேஜையையும் பார்த்து "நல்லாச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முன்பின் தெரியாதவர்கள். முதல் ஆள் சொன்னபோது அக்காவுக்குத் தெரிந்தவரோ என்று நினைத்தேன். நாங்கள் கிளம்பும்போது நானும் சொல்லிப் பார்த்தேன். நான்கு மேஜையிலிருந்தும் நன்றி வந்தது.

நவம்பர் 15, வெள்ளி

பலோக்கெமாவோ சந்தைக்கு விடிகாலையில் போய்விட வேண்டும், பூக்கடைகள் அப்போதுதான் முழுசாக இருக்கும் என்று விடுதி அம்மா சொல்லியிருந்தார். உலகத்துக்குப் பூ ஏற்றுமதி செய்வதில் நெதர்லாந்துக்கு அடுத்த இடம் கொலம்பியாவுக்கு. அதில் பெரும் பங்கு இந்த நகரைச் சுற்றியுள்ள மேட்டுச் சமவெளியில்தான் விளைகிறது. ரோஜாக் கட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. குளிரில் மூக்கு நுனி சிவந்த பெண்கள் கையுறையோடு தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பழப் பகுதியில்தான் நாங்கள் நின்றுவிட்டோம். லூலோ என்று ஒன்று: வெளியே ஆரஞ்சு நிறம், உள்ளே பச்சைச் சதை, ஜூஸ் போட்டால் புளிப்பும் மணமும் மூக்கில் ஏறும். குரூபா, ஃபெய்ஹோவா, ஓட்டை உடைத்து விதையோடு உறிஞ்சும் கிரனடில்யா. நடுவில் தெரிந்த முகங்களும் இருந்தன. முள் சீத்தா, ஊட்டிப் பக்கம் கிடைக்கும் மரத் தக்காளி, சொடக்குத் தக்காளிக்கு அண்ணன் போல ஒன்று. கடைக்காரர் எதையும் வாங்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. கத்தியில் ஒரு கீற்று அரிந்து நீட்டுவார், முகத்தைப் பார்ப்பார், அடுத்ததை அரிவார். பத்து வகை சாப்பிட்ட பிறகு சும்மா வர மனமில்லாமல் ஒரு கிலோ லூலோவும் கிரனடில்யாவும் வாங்கினோம். 11,000 பெசோ.

மதியம் தங்க அருங்காட்சியகம். 1939இல் கொலம்பிய மத்திய வங்கி இதைத் தொடங்கியது. நுழைவுக் கட்டணம் 5,000 பெசோதான். ஸ்பானியர்கள் உருக்கிக் கட்டிகளாக்கிக் கொண்டுபோனது போக மிஞ்சியதே இவ்வளவு என்றால், போனது எவ்வளவு இருக்கும் என்ற எண்ணம் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டி முன்னாலும் வந்தது. எல்லோரும் பார்க்க வருவது இந்த மேட்டு நிலத்தின் பூர்வகுடிகளான முயிஸ்கா மக்களின் தெப்பம். ஒரு சாண் நீளம்கூட இல்லை. நடுவில் பெரிதாக ஒரு தலைவர், சுற்றிலும் சின்னச் சின்னப் பூசாரிகள். குவாத்தாவிதா ஏரியில் புதுத் தலைவர் உடம்பெல்லாம் பொன் துகள் பூசித் தெப்பத்தில் போய், பொன்னையும் மரகதத்தையும் நீரில் இட்ட சடங்கைத்தான் அது காட்டுகிறது என்கிறார்கள். எல் டொராடோ என்ற பொன் நாட்டுக் கதையெல்லாம் அங்கிருந்து கிளம்பியதுதான். இந்தத் தெப்பத்தை 1969இல் பாஸ்கா என்ற ஊருக்கு அருகே ஒரு குகையில் விவசாயிகள் கண்டெடுத்தார்கள். இந்த மேட்டு நிலத்தின் ஏரிகள் முயிஸ்கா மக்களுக்குக் கோயில்கள். மிகச் சிறந்த பொருளைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம்.

மாலையில் ஊர் முழுக்க மஞ்சள் சட்டை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் உருகுவேயுடன் ஆட்டம், மொன்டெவிடியோவில். நாங்கள் ஏறிய சின்னக் கடையில் நாற்காலி இல்லை. ஒரு குடும்பம் தங்கள் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து எங்களுக்கு இடம் விட்டது. பாட்டி ஒருவர் என் மடியில் பொரித்த வாழைக்காய்ப் பொட்டலத்தை வைத்து, எடு எடு என்றார். கொலம்பியா முதல் கோல் போட்டதும் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்றே தெரியவில்லை. அப்புறம் உருகுவே இரண்டு போட்டது. கூடுதல் நேரத்தில் கொலம்பியா சமன் செய்தது, கடை அதிர்ந்தது. அதே கூடுதல் நேரம் முடிவதற்குள் உருகுவே மூன்றாவது போட்டுவிட்டது. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பாட்டி எங்களிடம், முதல் தடவை ஊருக்கு வந்தவர்களுக்கு இப்படிக் காட்டிவிட்டோமே, ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்று மன்னிப்புக் கேட்டார். அவருடைய பிழைபோல.

நவம்பர் 16, சனி

எட்டு மணிக்குக் குழாய் நின்றது. குளியலறையில் இரண்டு வாளி, சமையலறையில் ஒரு பெரிய டிரம், எங்கள் மேஜையில் மூடி போட்ட ஒரு ஜாடி. விடுதி அம்மா எல்லாவற்றையும் முன்னிரவே நிரப்பி வைத்திருந்தார். ஒரு வாளி இருவரும் உடம்பு துடைத்துக்கொள்ள, ஒன்று கழிப்பறைக்கு. அக்கா வாளியையும் குவளையையும் பார்த்ததும், "இதெல்லாம் நமக்குப் பழக்கம்தானே" என்றாள். 2019 கோடையில் அவள் சென்னை வந்திருந்தாள். அண்ணா நகரில் லாரிக்குக் குடம் வைத்து நின்றதையும், ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததையும் விடுதி அம்மாவிடம் சொன்னாள். ரயிலிலா என்று அவர் இரண்டு முறை கேட்டார்.

பகல் இரண்டு மணிக்கு வானம் இருண்டு கொட்ட ஆரம்பித்தது. தெரு ஓடையானது. மழை விழுந்த அடுத்த நிமிடம் எங்கிருந்தோ குடை விற்பவர்கள் மூலைக்கு மூலை முளைத்தார்கள், ஒன்று 15,000 பெசோ. பத்து நாளுக்கு முன்னால் நகரின் வடக்கு நெடுஞ்சாலையே முழுகி, பள்ளிப் பிள்ளைகள் இருந்த பஸ்கள் தண்ணீரில் நின்றுவிட்டனவாம். இவ்வளவு மழை பெய்கிற ஊரில் ஏன் முறை வைத்துத் தண்ணீர் என்று கேட்டோம்.

அம்மாவின் மகன் காகிதத்தில் மலையை வரைந்து காட்டினார். நகரின் குடிநீரில் ஏறக்குறைய எழுபது சதவீதம் சிங்காசா என்ற இடத்திலிருந்து வருகிறது. அது கிழக்கு மலைகளுக்கு அந்தப் பக்கம். அங்கே விழும் மழை அமேசான், ஒரினோகோ பக்கத்துச் சமவெளிகளிலிருந்து ஏறிவரும் மேகத்தால் வருவது. ஆண்டின் நடுவில்தான் அங்கே மழைக்காலம். நகருக்கு மழை ஏப்ரலை ஒட்டி ஒன்று, அக்டோபர் நவம்பரில் ஒன்று. ஆகவே இங்கே நனைந்தால் அங்கே அணை நிறையும் என்பதில்லை. எல் நினோவால் போன வருஷமும் இந்த வருஷமும் அந்தப் பக்கம் மழை பொய்த்தது. ஏப்ரலில் சிங்காசா அணைகள் இருபது சதவீதத்துக்கும் கீழே போனபோது நகரைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறை வைத்தார்கள். இப்போது ஒன்பது நாளுக்கு ஒரு முறை 24 மணி நேரம் நிறுத்தம்.

அந்த மலைகளின் உச்சியில் பாராமோ என்ற புல்வெளி உண்டு. ஃபிரைலெஹோன் என்ற செடி அங்கே வளரும். தடித்த தண்டு, உச்சியில் ரோமம் போர்த்த இலைக்கொத்து. மேகத்தின் ஈரத்தை அந்த ரோமம் பிடித்து மண்ணுக்குள் மெல்ல இறக்குகிறது. அடியில் பாசியும் கரிமண்ணும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஓடைகளுக்கு விடுகின்றன. பொகொட்டாவின் உண்மையான நீர்த்தேக்கம் அதுதான், கான்கிரீட் அணை அதற்குப் பிறகு என்றார் மகன். நீலகிரியின் சோலையையும் புல்வெளியையும் பார்த்து வளர்ந்த யாருக்கும் இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. அதை இழந்தால் என்ன ஆகும் என்பதையும்.

மழை விடாததால் பேச்சு நீண்டது. 1997இலும் ஒரு நெருக்கடி வந்ததாம். சிங்காசாவிலிருந்து நீர் கொண்டுவரும் சுரங்கத்தில் சரிவு. அப்போது அந்தனாஸ் மோக்குஸ் மேயராக இருந்து விலகியிருந்த காலமா, பதவியில் இருந்த காலமா என்று அம்மாவுக்கும் மகனுக்கும் சின்ன வாக்குவாதம். ஆனால் அந்த விளம்பரம் இருவருக்கும் நன்றாக நினைவிருந்தது. கணிதமும் தத்துவமும் படித்த பேராசிரியரான அந்த மேயர் தொலைக்காட்சியில் குளித்துக் காட்டினார். சோப்புப் போடும்போது குழாயை மூடுங்கள் என்று சொல்லி மூடினார். ஊர் கேட்டுக்கொண்டது, தண்ணீர்ச் செலவு இறங்கியது. அதே மனிதர்தான் போக்குவரத்து விதியை மீறுகிறவர்களை வழிக்குக் கொண்டுவர, முகத்தில் வெள்ளை பூசிய ஊமை நடிகர்களைச் சாலைச் சந்திகளில் நிறுத்தியவர். சிவப்பு விளக்கில் கோட்டைத் தாண்டி நின்ற காருக்கு முன்னால் அவர்கள் நடித்துக் காட்டுவார்கள், பின்னால் நகரும்வரை. அபராதத்தைவிட அடுத்த மனிதர் முன் வரும் கூச்சம் வேலை செய்யும் என்பது அவர் கணக்கு. ஊரார் சிரித்தபடியே திருந்தினார்கள். ஒரு நகரத்தை மரியாதை கொடுத்து மாற்ற முடியும் என்று நம்பிய ஓர் ஆட்சியாளரைப் பற்றிக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்தது.

இருட்டும் நேரத்தில் பேராலயத்துக்குப் பக்கத்தில் 1816 முதல் இருக்கும் லா புவெர்த்தா ஃபால்சா கடைக்கு ஓடினோம். நாலைந்து மேஜை, மேலே ஒரு மரப் பரண். சாக்லேட் பானம் கேட்டால் கூடவே ரொட்டி, பாலாடைக்கட்டி, அல்மொஹாபனா என்ற சோள மாவுப் பன் எல்லாம் வரும். பாலாடைக்கட்டியைக் கையால் பிய்த்துச் சூடான சாக்லேட்டுக்குள் போட வேண்டும். அது இளகி நூலாக வந்ததும் கரண்டியால் எடுத்துச் சாப்பிட வேண்டும். உப்பும் இனிப்பும் சேரும் அந்தச் சுவை எனக்கு ரொம்பப் பிடித்தது. அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அவள் பங்கையும் நானே முடித்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

காலை எட்டேகாலுக்குக் குழாய் இருமிக்கொண்டு பழுப்பாகக் கொஞ்சம் விட்டது. முதல் தண்ணீரைச் செடிக்குப் பிடியுங்கள் என்று அம்மா வாளியோடு வந்து நின்றார்.

இன்றைக்கு சிக்லோவியா. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் காலை 7 முதல் பகல் 2 வரை, பொகொட்டாவின் முக்கியச் சாலைகளில் 120 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்தைக் காருக்கு மூடி, சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். 1974 டிசம்பர் 15 அன்று சிலர் கூடி, இந்தச் சாலை எங்களுக்கும்தான் என்று சைக்கிள் ஓட்டியதில் தொடங்கியது. அடுத்த மாதம் ஐம்பது ஆண்டு நிறைகிறது.

மணிக்கு 10,000 பெசோ என்று இரண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். அக்கா சைக்கிளைத் தொட்டே பல வருஷம் ஆகியிருந்தது. ஏழாம் சாலையில் வடக்கே திரும்பியதும், வலப்பக்கம் மலை. இந்த ஊரில் வழி தவறவே முடியாது, மலை எப்போதும் கிழக்கு. மலையை ஒட்டி ஓடும் சாலைகள் கரேரா, மலையை நோக்கிப் போவன கால்யே, எல்லாவற்றுக்கும் எண்.

பஸ்ஸும் காரும் உறுமும் அந்த அகலமான சாலையில் அன்று கேட்டது சங்கிலிச் சத்தமும் பேச்சும்தான். பந்தய உடை போட்டவர்கள் சீறிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே மூன்று சக்கர வண்டியில் ஒரு குழந்தை, அதைத் தள்ளியபடி தாத்தா. கூடைக்குள் ஸ்வெட்டர் போட்ட நாய். சக்கர நாற்காலியில் ஒரு பெண், பக்கத்தில் கைப்பிடித்து ஓடும் மகன். தேசியப் பூங்காவில் மேடை போட்டு ஒருவர் உடற்பயிற்சி நடனம் சொல்லிக்கொடுக்க, பாட்டிமார் உட்பட நூறு பேருக்குமேல் கைகளை வீசிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் இலவசம். ஓரத்தில் ஆரஞ்சுக் கீற்று, பழக் கலவை, அரேபா என்ற சுட்ட சோள அடை. ஒவ்வொரு சந்திப்பிலும் சீருடைப் பிள்ளைகள் கையில் பலகை பிடித்துக் குறுக்கே போகும் கார்களை நிறுத்திவிடுகிறார்கள். கார்க்காரர்கள் ஹாரன் அடிக்காமல் காத்திருக்கிறார்கள். ஞாயிறு என்றால் இப்படித்தான் என்று இரண்டு தலைமுறை பழகிவிட்டது.

உசாக்கென் பக்கம் போவதற்குள் என் பின்சக்கரம் காற்று இறங்கியது. மழையும் பிடித்தது. நான் இறங்கித் தள்ள ஆரம்பித்ததும், முன்னே போய்க்கொண்டிருந்த ஒருவர் திரும்பி வந்தார். நாற்பது வயதிருக்கும், மகளோடு வந்திருந்தார். இரண்டு தெரு தள்ளிப் பஞ்சர் போடுபவர் இருப்பார் என்று சைக்கிளை வாங்கித் தானே தள்ளினார். மகள் தன் மழைக் கோட்டைக் கழற்றி அக்காவுக்குப் போர்த்தினாள். எனக்குக் குல்லாய் இருக்கிறது, போதும் என்றாள். பஞ்சர்க்காரர் பிளாஸ்டிக் விரிப்பின் கீழ் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் முடித்து 6,000 பெசோ கேட்டார். அப்பாவும் மகளும் அதுவரை நின்று, சக்கரத்தை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். மழைக் கோட்டைத் திருப்பிக் கொடுக்க அக்கா அவர்கள் பின்னாலேயே ஓட்டிப் போக வேண்டியிருந்தது. பல வருஷமாக சைக்கிள் தொடாத அக்கா.

சரியாக இரண்டு மணிக்குத் தடுப்புகளை எடுத்தார்கள். பத்து நிமிடத்தில் சாலை பஸ்களுடையது. இந்த ஊரில் தங்கமும் மரகதமும் பார்த்தேன். என்னைக் கேட்டால் இதுதான் இவர்கள் சொத்து. கோடிகள் கொட்டிக் கட்டியது எதுவும் இல்லை, இருக்கிற தார்ச்சாலைதான். ஏழு மணி நேரம் அதை எல்லோருக்கும் என்று முடிவு செய்ததும், அந்த முடிவை ஐம்பது வருஷம் காப்பாற்றியதும்தான் விஷயம்.

நவம்பர் 18, திங்கள்

தொடை இரண்டும் பிடித்துக்கொண்டதால் பக்கத்திலேயே சுற்றினோம். பொலிவார் சதுக்கத்தில் புறாக்களும் சோளம் விற்பவர்களும். வடக்கில் நிற்கும் நீதிமன்ற மாளிகை புதிதாகக் கட்டியது. 1985 நவம்பர் 6 அன்று எம்-19 கெரில்லாக்கள் பழைய கட்டடத்தைக் கைப்பற்ற, ராணுவம் டாங்கிகளோடு நுழைந்தது. இரண்டு நாளில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் உட்பட நூறு பேர் அளவுக்கு இறந்தார்கள். கட்டடம் எரிந்துபோனது. சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்த்தவர்களில் உயிரோடு வெளியே கொண்டுவரப்பட்டுக் காணாமல் போனவர்களும் உண்டு. அந்த எம்-19இல் இளமையில் இருந்த ஒருவர், குஸ்தாவோ பெத்ரோ, 2022இல் நாட்டின் அதிபரானார். சதுக்கத்தைக் கடந்து சற்றுத் தெற்கே போனால் அதிபர் மாளிகை.

ஏழாம் சாலையில் ஹிமேனஸ் அவென்யூ அருகே, ஹோர்ஹே எலியேசர் கைத்தானை 1948 ஏப்ரல் 9 பகலில் சுட்ட இடத்தில் கல்வெட்டுகள் பதித்திருக்கிறார்கள். ஏழைகளின் தலைவர் என்று மக்கள் நம்பியவர். அன்று மூண்ட கலவரத்தில் நகரின் நடுப்பகுதி எரிந்தது, டிராம்கள் எரிந்தன. யாரோ புதுப் பூ வைத்திருந்தார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோட்டுப் போட்ட ஆண்கள் கும்பலாக நின்று, மடித்த வெள்ளைக் காகிதத்தைத் திறந்து மரகதம் காட்டி விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

பொதேரோ அருங்காட்சியகத்துக்குக் கட்டணமே இல்லை. பருத்த உருவங்களை வரைந்த ஃபெர்னாண்டோ பொதேரோ தன் படைப்புகள் 123ஐயும் தான் சேர்த்த மற்ற கலைஞர்களின் 85 படைப்புகளையும் நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். பள்ளிப் பிள்ளைகள் பொதேரோவின் மோனா லிசா முன்னால் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள்.

நவம்பர் 19, செவ்வாய்

டிரான்ஸ்மிலேனியோ பஸ் 2000இல் வந்தது. சாலை நடுவில் தனித் தடம், தனி நிலையம். 2,950 பெசோ கொடுத்து எவ்வளவு தூரமும் போக முடிந்தது. கூட்டத்தில் என் பின்னால் நின்ற பெண்மணி தோளைத் தட்டி, பையை முன்னால் மாட்டிக்கொள் மகளே என்று சொல்லித் தானே மாட்டியும் விட்டார். அக்காவுக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்து இடம் கொடுத்தார்கள். வழியில் ஏறிய வெனிசுவேலா இளைஞன் ஒருவன், பஸ்ஸில் உள்ள அத்தனை பேருக்கும் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்தான்.

தெற்குக் கடைசியில் இறங்கி டிரான்ஸ்மிகேபிள். சியுதாத் பொலிவார் என்ற மலைச்சரிவுக் குடியிருப்புக்கு 2018 டிசம்பரில் வந்த கேபிள் கார் இது. பஸ்ஸுக்கும் இதற்கும் பயண அட்டை ஒன்றே. பத்துப் பேர் உட்காரும் பெட்டிக்குள் யார் ஏறினாலும் வணக்கம் சொல்லித்தான் உட்காருகிறார்கள். கீழே பூச்சு இல்லாத செங்கல் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, தகரக் கூரைகளில் வண்ணம், சுவர்களில் ஆள் உயரத்துக்குமேல் ஓவியங்கள். எதிரே காய்கறிப் பையோடு இருந்த பாட்டி, முன்பெல்லாம் பஸ்ஸில் மேலேற ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும், இப்போது கால் மணி என்றார்.

உச்சி நிலையத்தில் ஓர் அருங்காட்சியகம், மக்கள் தாங்களே கட்டிக்கொண்ட நகரம் என்பது அதன் பொருள். போரால் கிராமத்தை விட்டு ஓடிவந்தவர்கள் இங்கே முதலில் தகரமும் அட்டையும் வைத்துக் கட்டினார்கள். பாதை, படிக்கட்டு, சாக்கடை எல்லாம் கூடி வெட்டியவை. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் 12,000 பெசோவுக்குப் பருப்பு, சோறு, வறுத்த வாழைப்பழம், லூலோ ஜூஸ். கடைக்காரப் பெண்மணியிடம் தண்ணீர் முறை இங்கே எப்படி என்று அக்கா கேட்டாள்.

"நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ குழாயே கிடையாது. கீழேயிருந்து டின்னுல சுமந்தோம். ஒன்பது நாளுக்கு ஒரு நாள் வரலேன்னா அது கஷ்டமா?" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "வடக்கே பணக்காரங்களுக்கும் அதே முறைதான். ஆனா அவங்க கட்டடத்துல தொட்டி இருக்கு. நின்னதே தெரியாது" என்றார். முறை எல்லோருக்கும் ஒன்று, வலி ஒன்றில்லை. சென்னையிலும் அதைத்தான் பார்த்தோம். சம்பில் நீர் வைத்திருந்த அடுக்கு மாடியும் தெருவில் குடம் வைத்த வீடும் ஒரே பஞ்சத்தில்தான் இருந்தன. இருந்தாலும் எந்தப் பகுதியையும் விடாமல், நாள் குறித்து, முன்கூட்டிச் சொல்லி வைத்த இந்த முறையை நான் மதிக்கிறேன். ஒன்பதாவது நாள் வரும் என்று அந்தப் பெண்மணிக்குத் தெரியும். லாரி வருமா வராதா என்று அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இரவு எக்வடோருடன் ஆட்டம். எதிரணி பத்துப் பேராகக் குறைந்தும் கொலம்பியா ஒரு கோலில் தோற்றது. விடுதி அம்மா டிவியை அணைத்துவிட்டுச் சூப்பைச் சூடாக்கப் போனார்.

நவம்பர் 20, புதன்

விமானம் மாலையில். காலையில் மொன்செர்ராத்தே. 3,152 மீட்டர் உச்சியில் வெள்ளைத் தேவாலயம். விழுந்த கிறிஸ்துவின் உருவம் உள்ளே. வேண்டுதல் உள்ளவர்கள் நடந்தே ஏறுகிறார்கள், சிலர் முழங்காலில். 1929 முதல் ஓடும் இழுவை ரயிலில் நாங்கள் போனோம். மேலே காற்று இன்னும் மெலிது. பத்துப் படிக்கு ஒரு முறை நின்றேன். மேற்கே பார்வைக்கு எட்டும்வரை நகரம், செங்கல் நிறத்தில். கிழக்கே திரும்பினால் வீடு ஒன்றுகூட இல்லாத பச்சை மலைகள், அவற்றின்மேல் மேகம். அந்த மேகம் எந்தப் பக்கம் பெய்யும் என்பதுதான் இப்போது ஊர்க் கவலை.

டாக்சிக்காரர் பாதி வழியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். நாளைக்கு அவர் வீட்டுப் பகுதியின் முறை. பழைய வாளி உடைந்துவிட்டது. வழியில் ஒரு கடை இருக்கிறது, இரண்டு நிமிடம் நிறுத்தலாமா, நேரம் இல்லாவிட்டால் வேண்டாம். "தாராளமா நிறுத்துங்க" என்றாள் அக்கா. கடை வாசலில் நீலமும் சிவப்புமாக வாளிகள் அடுக்கியிருந்தன, அவரைப் போலவே இன்னும் மூன்று பேர் மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது லிட்டர் வாளியோடு ஓடி வந்து எங்கள் பெட்டிகளுக்கு மேல் வைத்தார்.

விமான நிலையத்தில் 38,000 ஆனது. நிறுத்திய நேரத்துக்கு என்று அவரே 2,000 குறைத்துச் சொன்னார். அக்கா முழுத் தொகையையும் கொடுத்தாள். அவர் 2,000 பெசோ நோட்டை எடுத்து, அவள் கையில் வைத்து மூடிவிட்டு, பெட்டிகளை இறக்கத் தொடங்கினார்.